மண்ணில் பழகிய ஆட்டம்

ஹாக்கியில் இந்தியா ஏன் சரிந்தது என்று எங்கள் தலைமுறை ஆளிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "ஆஸ்ட்ரோ டர்ஃப் வந்துச்சு, நம்ம ஆட்டம் போச்சு." வகுப்பில் வரலாறு நடத்திய பழக்கம் விடவில்லை, அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செயற்கைப் புல் ஹாக்கிக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் கூரை மூடிய பேஸ்பால் அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். பெயர் ஆஸ்ட்ரோடோம். ஒளி புகும் கூரை ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசியது, உயரே போன பந்து தெரியவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது. மறு வருஷம் நைலான் புல்லை விரித்தார்கள், அரங்கத்தின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை: பந்து எறிபவர் நின்று எறியும் மேட்டை மண்ணாகவே விட்டுவைத்தார்கள்!

பத்து வருஷம் கழித்து அந்தக் கம்பளம் நம் தலையில் வந்து விழுந்தது. 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் அஜித்பால் சிங் தலைமையில் உலகக் கோப்பையை வென்றோம். அடுத்த வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை. ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்று தோற்றோம், கடைசியில் ஏழாம் இடம். 1928 முதல் ஒரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லாமல் திரும்பாத அணி அது.

ஏன் என்பது மண்ணில் ஆடியவர்களுக்குத் தெரியும். நம் ஊர்த் தரையில் பந்து நேராக வராது. ஒரு கல்லில் பட்டு எகிறும், குழியில் திரும்பும். அதனால் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து, இடமும் வலமும் மாற்றி மாற்றி ஏமாற்றிக்கொண்டே போவதைக் கற்றோம். தூரத்துக்குத் தள்ளினால் போய்ச் சேருமா என்பது நிச்சயமில்லை. கம்பளத்தில் பந்து கோடு போட்டதுபோல ஓடும். அங்கே நம்பிக்கையாக நீண்ட பாஸ் கொடுக்கலாம், நிற்காமல் ஓடலாம். மணிக்கட்டு சாமர்த்தியத்தைவிட நெஞ்சில் மூச்சு முக்கியமாகிவிட்டது.

ஆனால் பழியை முழுக்கக் கம்பளத்தின்மேல் போட எனக்கு மனமில்லை. பாகிஸ்தானும் நம்மைப்போலப் புல்லிலும் மண்ணிலும் வளர்ந்த அணிதான். அதே மாண்ட்ரியலில் வெண்கலம் வாங்கினார்கள், 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் செயற்கைத் தரையிலேயே தங்கம். நாமும் 1980 மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றது செயற்கைத் தரையில்தான். (பல நாடுகள் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) தேசிய அணிக்கு வந்தபின் ஒருவன் தரையைப் பழகிக்கொள்வான். பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த வாய்ப்பு எங்கே?

எங்கள் பையன்களை ஒருமுறை சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனேன். பாதிப் பேரின் அப்பா, அம்மா ஷூ கம்பெனியில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் ஷூவைத் தைப்பவர்களின் பிள்ளைகள் கேன்வாஸ் தேய்ந்து வழுக்கி விழுந்தார்கள். பந்து வரும் வேகத்துக்கு மட்டையை வைப்பதற்குள் பந்து தாண்டிப் போயிருந்தது. திறமை இல்லாத பிள்ளைகள் அல்ல. அந்தத் தரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

இப்போது பழைய மாணவர்கள் சிலர் பணம் திரட்டி, "சார், நம்ம கிரவுண்டுக்கு டர்ஃப் போட்டுடலாம்" என்கிறார்கள். மனசு நல்ல மனசு. நான் கேட்டது தண்ணீர்க் கணக்கு. பெரிய போட்டிகள் நடக்கும் ஹாக்கித் தரையை நனைத்துத்தான் ஆடுவார்கள். காய்ந்திருந்தால் பந்து தடுமாறும், விழுந்தால் முழங்கால் தோல் உரியும். மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டுமென்றாலே பத்தாயிரம் லிட்டர், அதுவும் ஒரு தடவைக்கு.

எந்த ஊரில்? பாலாற்றில் மணல்கூட மிஞ்சாத ஊரில். தோல் கழிவால் இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை, 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் குடிநீருக்கு இன்றும் கேன் வாங்குகிறோம். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாத ஊரில் கம்பளத்துக்கு லாரித் தண்ணீரா? வேலூர் வெயிலில் நண்பகல் பிளாஸ்டிக் புல் எப்படிக் கொதிக்கும் என்பது தனிக் கதை.

அதற்காக மண்ணே போதும் என்று சொல்லவில்லை. கோவில்பட்டியைப் பாருங்கள். மண்ணில் தலைமுறைகளாக ஆடிய ஊர், பிறகு செயற்கைத் தரையும் வந்தது. அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் போனார்கள். மண்ணில் கை பழகியபின் கம்பளத்தில் கால் பழகினால் போதும் என்று நினைக்கிறேன்.

மாணவர்களிடம் நான் சொன்னது இதுதான்: பள்ளி மைதானத்தில் கல் பொறுக்கி, செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் வடிகால் போடுங்கள். மீதிப் பணத்தில் மாதம் இரண்டு தடவை பையன்களுக்கு வேன் பிடித்து, டர்ஃப் இருக்கும் ஊருக்கு அனுப்புங்கள், காலுக்குச் சரியான ஷூவோடு. ஷூவுக்கு ஆம்பூர்க்காரர்கள் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை அல்லவா? மாறுபட்ட கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், குறிப்பாக அந்தக் காலத்தில் நம் கிரவுண்டில் ஆடியவர்கள்.