ஆண்டிஸ் நாட்டு உருளைக்கிழங்கின் வறட்சி தாங்கும் திறன்: மரபணு ஆய்வு கடந்து வந்த தடம்

பெருவிலும் பொலிவியாவிலும் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலங்களில் கெச்சுவா, அய்மாரா குடியானவர்கள் ஒரே வயலில் பல உருளைக்கிழங்கு ரகங்களைக் கலந்து நடுவார்கள். மழை பொய்த்த ஆண்டில் ஒரு ரகம் கருகும், பக்கத்தில் இன்னொன்று கிழங்கு கட்டும். அந்த வேறுபாடு விதைக்கிழங்கோடு தலைமுறைகளைக் கடந்து வந்தது. ஆனால், அறிவியல் இந்த ரகங்களைத் தேடி ஆண்டிஸ் மலை ஏறியபோது வறட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு ஏறவில்லை.

1920-களின் பிற்பகுதியில் பயிர் அறிவியலாளர் வாவிலோவின் லெனின்கிராடு நிறுவனத்திலிருந்து புக்காசோவ், யூசெப்சுக் என்ற தாவரவியலாளர்கள் லத்தீன் அமெரிக்காவுக்குப் போனார்கள். பயிரிடப்படும் உருளைக்கிழங்குகளின் குரோமோசோம்களை எண்ணியபோது 24, 36, 48, 60 என்று ஒரு வரிசை கிடைத்தது. இவற்றில் 36 குரோமோசோம் கொண்ட ‘சொலானம் யூசெப்சுக்கி’ என்ற கசப்புக் கிழங்கு, ‘அக்காவ்லே’ என்ற காட்டினத்தின் கலப்பால் பிறந்தது, உறைபனியைத் தாங்கக்கூடியது. ரஷ்யக் குளிருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். 1939-இல் தாவரவியலாளர் ஹாக்ஸ் பங்கேற்ற பிரித்தானியச் சேகரிப்புப் பயணமும் நோய் எதிர்ப்பு, உறைபனி போன்றவற்றையே தேடியது. யாருக்கு எது தேவையோ அதைத்தான் சேகரிப்பு கண்டது.

அடுத்த சிக்கல் பகல் நீளம். ஆண்டிஸின் ‘ஆண்டிஜெனா’ வகை நாட்டு ரகங்கள் குறும்பகலில்தான் ஒழுங்காகக் கிழங்கு கட்டும். ஐரோப்பியக் கோடையில் இலையும் தண்டுமாகவே வளரும். 1959-இல் தொடங்கி, பயிர்ப்பெருக்க அறிவியலாளர் சிம்மண்ட்ஸ் பிரிட்டனில் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நீள்பகலுக்குப் பழகிய ‘நியோடியூபரோசம்’ வகையை உருவாக்கினார். இந்த வேலையை வறட்சி ஆய்வாளர்கள் அதிகம் நினைவுகூர்வதில்லை. நினைவுகூர வேண்டும் என்பதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

1971-இல் லிமாவில் பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் அமைந்த பிறகு, 4,000-க்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள் ஓரிடத்தில் சேர்ந்தன. வறட்சிக்கென்று பெரிய அளவில் ரகங்களைச் சோதிப்பது அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று. அம்மையத்தின் ஆய்வாளர்கள் 900-க்கும் மேற்பட்ட ரகங்களை ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட முடிவுகளில், நீர் பாய்ச்சிய நிலத்திலும் காய்ந்த நிலத்திலும் ஒருசேர நல்ல விளைச்சல் தந்தவை ஆண்டிஸ் நாட்டு ரகங்களில் கணிசமாக இருந்தன.

ஏன் தாங்குகின்றன என்ற கேள்விக்கு, என் கணிப்பில், மிக முக்கியமான விடை 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் வந்தது. ‘சுல்யு’, ‘நெக்ரா ஒஹோசா’ என்ற இரு ஆண்டிஜெனா ரகங்களையும் ‘அட்லாண்டிக்’ என்ற வணிக ரகத்தையும் வறட்சியில் வைத்து ஆராய்ந்தார்கள். நாட்டு ரகங்கள் இரண்டிலும் ஒளிச்சேர்க்கை அட்லாண்டிக்கைவிட நீண்ட நாள் நடந்தது. இரண்டில் சுல்யுதான் தேறியது. வியப்பு அதற்கடுத்தது. வறட்சி தாங்கும் திறனுக்கு அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட புரோலின் என்ற அமினோ அமிலம், சுல்யுவில் குறைவாகவும் வாடிய நெக்ரா ஒஹோசாவில் அதிகமாகவும் இருந்தது. சுல்யுவில் எழுச்சி கண்டவை பசுங்கணிகத்தைக் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மரபணுக்கள். மைட்டோகாண்ட்ரியாவும் அங்கே சுறுசுறுப்பாக இருந்தது. அதாவது, புரோலின் இங்கே திறனை அல்ல, செடி படும் பாட்டையே அளந்தது. புரோலினை மட்டும் பார்த்து ரகம் தேர்ந்திருந்தால் சுல்யு தள்ளுபடியாகியிருக்கும்.

2011-இல் வெளியான உருளைக்கிழங்கின் முதல் மரபணுத்தொகுதி வரிசை, ‘ஃபுரேஹா’ என்ற ஆண்டிஸ் பயிர்க் குழுவைச் சேர்ந்த ஒரு செடியினுடையது. எளிமைக்காக, குரோமோசோம் இணைகள் இரண்டும் ஒரே மாதிரி அமைந்த செடியைத் தேர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குரோமோசோமின் நான்கு படிகளும் வெவ்வேறாக இருக்கக்கூடிய ஆண்டிஜெனாவின் வளத்தை அதில் தேட முடியாது. ஆனாலும் அந்த வரைபடம் இல்லாமல் அடுத்த அடி வைத்திருக்க முடியாது.

2013-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்தாம் குரோமோசோமில் ‘சிடிஎஃப்1’ என்ற மரபணுவை இனங்கண்டனர். அதன் முழு வடிவப் புரதம் நீள்பகலில் சிதைந்துவிடும். வால் துண்டான வடிவங்கள் சிதைவுக்குத் தப்பி, கிழங்கு கட்டும்படி செடியைத் தூண்டுகின்றன. உருளைக்கிழங்கு வடதிசை நாடுகளில் நிலைபெற இதுவே வழிவிட்டது. சிம்மண்ட்ஸ் கண்ணால் பார்த்துத் தேர்ந்த குணத்துக்கு அடியில் இருந்த முக்கிய மரபணு இது. 2021-இல் கதை திரும்பியது. அதே இடத்திலிருந்து எதிர்த்திசையில் படியெடுக்கப்படும் ‘ஃப்ளோரே’ என்ற ஆர்.என்.ஏ., புரதம் எதையும் உருவாக்காமலே, இலைத்துளைகளின் வளர்ச்சியையும் திறப்பையும் மாற்றி நீரிழப்பை மட்டுப்படுத்துகிறது என்று தெரியவந்தது. ஃப்ளோரேவில் இயற்கையாக மாற்றம் நேர்ந்த செடிகளும், கிரிஸ்பர் மரபணுத் திருத்த முறையில் மாற்றப்பட்டவையும் நீர்ப்பற்றாக்குறைக்கு எளிதில் பாதிப்படைந்தன.

சிடிஎஃப்1, ஃப்ளோரே இரண்டும் ஒரே இடத்தில் பின்னிக் கிடப்பதால், நீள்பகலில் கிழங்கு கட்டும் செடிகளை மட்டும் பொறுக்கியெடுத்த ஐரோப்பியத் தேர்வு, அறியாமலே வறட்சிக் காப்பிலும் கை வைத்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. அப்படியானால், சுல்யு போன்ற ரகத்தை வடநாட்டு ரகத்தோடு கலப்பவர் ஐந்தாம் குரோமோசோமில் இரண்டையும் ஒன்றாக எடுக்கவோ விடவோ நேரிடும். பிரித்தெடுக்க வேண்டுமானால், அந்தச் சிறு இடத்துக்குள்ளேயே வெட்டிச் சேர்க்கும் துல்லியம் வேண்டும். பெருவின் குறும்பகலில் நிகழ்ந்த சோதனையில் முன்னணியில் நின்ற ரகம், நீள்பகல் நாட்டில் அதே இடத்தில் நிற்கும் என்ற உறுதியும் இல்லை.