யாருடைய கடை?

தரம் 10 வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. 1639ஆம் ஆண்டில் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது ஒல்லாந்து நாட்டு மன்னன் அல்லன், ஒரு வணிகக் கம்பனி என்று கூறி நிறுத்தினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சேர், இப்பவும் கம்பனிகள்தானே சண்டை பிடிக்குது? புட் சிற்றியா, தராஸா, எது வெல்லும்?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தந்தை உட்துறைமுக வீதிக்கு அண்மையில் சிறு பலசரக்குக் கடை நடத்துபவர். தமையன் இணையவழியில் வாங்கப்படும் பொதிகளை மோட்டார்ச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவன். இந்தப் போட்டியின் முடிவு அந்த வீட்டு அடுப்பு வரை செல்வது. ஆகவே அவளது கேள்விக்கு வரலாற்றிலிருந்தே விடை தேட முற்பட்டேன். அதன் பயனே இக்கட்டுரை.

1844ஆம் ஆண்டில் உலகின் இரு மூலைகளில் இரண்டு கடைகள் தோன்றின. ஒன்று, இலங்கையில் வில்லியம் மில்ன், டேவிட் சைம் கார்கில் என்னும் ஸ்கொத்லாந்து வணிகர் நிறுவிய இறக்குமதி வாணிபம். கோப்பித் தோட்டத் துரைமாரும் குடியேற்ற அரசின் உத்தியோகத்தரும் அதன் வாடிக்கையாளர். 1906இல் கொழும்பு யோர்க் வீதியில் எழுந்த அதன் செங்கட்டடம் இன்றும் நிற்கிறது. மற்றையது, இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் அவ்வாண்டு டிசம்பர் 21ஆந் திகதி மாலை திறக்கப்பட்டது. நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், 28 பவுண் முதல் திரட்டி, மாவும் வெண்ணெயும் சீனியும் மெழுகுதிரியும் வைத்துத் தொடங்கிய கடை அது. கலப்படமில்லாச் சரக்கு, சரியான நிறை, ஒருவருக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ற இலாபப் பங்கு என்பன அதன் விதிகள். முதலாவது கடையில் இலாபம் முதலிட்டவனைச் சேர்ந்தது. இரண்டாவது கடையில் வாங்கியவனைச் சேர்ந்தது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு திருகோணமலைக்குத் திரும்புவோம்.

1942 மார்ச்சில் றங்கூன் யப்பானியர் வசமாயிற்று. இலங்கை மக்களின் சோற்றுக்கு ஆதாரமாயிருந்த பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீதும் சீனக்குடா விமானத் தளத்தின்மீதும் குண்டு பொழிந்தன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அதன் நிழல் போலக் கறுப்புச் சந்தையும் வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தோன்றிய கூட்டுறவுச் சங்கங்கள் அதுகாறும் பெரும்பாலும் கடன் வழங்கும் சங்கங்களாகவே இருந்தன. யுத்த காலத்திலோ நாடெங்கும் ஆயிரக்கணக்கில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் முளைத்தன. மக்கள் அவற்றுக்கு இட்ட பெயர் சங்கக்கடை. றொச்டேல் நெசவாளரின் கருத்து, நூறாண்டு கழித்து, கூப்பன் புத்தகத்தோடு நம் சந்திகளுக்கு வந்து சேர்ந்தது என்று கூறுவது மிகையாகாது.

அரிசியின் விலை அரசியலின் விலையாகவும் இருந்த காலம் அது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட நேர்ந்தது. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். சோற்றுப்பானை ஆட்சியையே அசைக்கும் என்பதை ஆள்வோர் அன்று கண்டனர்.

1957ஆம் ஆண்டு நமக்கு இரு வகையில் முக்கியமானது. அவ்வாண்டு ஒக்ரோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் உணவு அமைச்சர் பிலிப் குணவர்த்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத் திட்டத்தைத் தொடக்கினார். விதைநெல்லும் உரமும், கடனும் அரிசியும், கொள்முதலும் விற்பனையும் ஒரே சங்கத்தின் கீழ் வரவேண்டும் என்பது அதன் நோக்கம்.

அந்தச் சங்கக்கடையைப் பொற்காலமாக வருணிக்க நான் வரவில்லை. 1970இன் பின்னர்ச் சிறு சங்கங்கள் ஒன்றிணைக்கப்பட்டுப் பெருஞ் சங்கங்களாயின. நிருவாக சபைகளில் உறுப்பினர் தெரிந்தவருக்குப் பதிலாக அரசு நியமித்தவர் ஆதிக்கம் பெற்றனர். பாணுக்கும் சீனிக்கும் விடியுமுன் வரிசையில் நின்ற கதையை நம் தாய்மார் இன்றும் கூறுவர். கடை தம்முடையது என்ற உணர்வு மக்களிடமிருந்து மெல்ல மறைந்தது. பின்னர் அந்தக் கடை நலிந்தபோது அதற்காகக் குரலெழுப்ப ஆளிருக்கவில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979இல் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. 1981இல் கார்கில்ஸ் புதிய உடைமையாளரிடம் சென்று, 1983இல் கொழும்பில் தன் முதலாவது புட் சிற்றியைத் திறந்தது. அதே 1983இன் ஜூன், ஜூலை மாதங்களில் திருகோணமலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தலைநகர் குளிரூட்டிய கடைக்குள் நுழைந்த ஆண்டில் நம் கடைவீதி சாம்பலாயிற்று. இடையில் நின்ற கால் நூற்றாண்டுப் போரில் பெரு மூலதனம் இப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஊருக்கு அரிசியும் பருப்பும் கொண்டுவந்தவர் சிறு வணிகரே.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. படகுப்பாதைக்குக் காத்திருந்த மக்கள் வண்டியில் கடந்தனர். பாலமும் நெடுஞ்சாலையும் மக்களுக்கு வழி திறந்தன. ‘வளரும் சந்தை’ ஒன்றைத் தேடிய மூலதனத்துக்கும் அவையே வழி. இன்று கார்கில்ஸ் நாட்டின் 25 மாவட்டங்களிலும் கடை வைத்திருக்கிறது. திருகோணமலையும் அதில் அடக்கம்.

நியாயமாகவே பேசுவோம். புட் சிற்றியில் விலை ஒட்டப்பட்டிருக்கிறது; சாதியும் உடையும் பார்த்து விலை மாறுவதில்லை. இணையக் கடையும் அத்தகையதே. மூதூரிலிருக்கும் மாணவனுக்கும் கொழும்பு மாணவனுக்கும் ஒரே பொருள், ஒரே விலைப்பட்டியல். பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையும் புதிதன்று. நம் பெற்றோர் சஞ்சிகை விளம்பரம் பார்த்து வி.பி.பி. தபாலில் நூல்கள் பெற்ற அதே முறைதான். அன்று பொதியைச் சுமந்தவர் ஓய்வூதியம் உள்ள தபாற்காரர் என்பதே வேறுபாடு.

போட்டியாளர் யார் என்று பார்ப்போம். பாகிஸ்தானில் 2012இல் தொடங்கிய தராஸை 2018 மே மாதத்தில் சீனாவின் அலிபாபா வாங்கியது. அதே மாதத்தில் இந்தியாவின் ஃபிளிப்கார்ட்டின் பெரும் பங்கை 1,600 கோடி டொலருக்கு வாங்குவதாக அமெரிக்காவின் வோல்மார்ட் அறிவித்தது. அதாவது, கடைத்தொடர் நடத்தியவன் இணையக் கடையை வாங்கினான். அதற்கு முந்திய ஆண்டில் இணையத்தில் வளர்ந்த அமேசன், ‘ஹோல் பூட்ஸ்’ என்ற கடைத்தொடரை வாங்கியிருந்தது. இலங்கையில் 2020 மார்ச் 20ஆந் திகதி ஊரடங்கு பிறந்தபோது கடைத்தொடர்களே இணையவழிக் கட்டளை பெற்று வீடுகளுக்குப் பொருள் அனுப்பின. கதவு மூடிய வேளையில் விநியோக அனுமதி முதலில் பெருநிறுவனங்களுக்குக் கிட்டியது. மூலைக்கடை பூட்டியபடி காத்திருந்தது. இரு எதிரிகள் என நாம் எண்ணியவை ஒன்றன் உருவை மற்றது ஏற்று நிற்கின்றன. இது மூலதனத்தின் இரு கைகளுக்கிடையே நடக்கும் போட்டி. அதில் சிந்துவது மூன்றாமவரின் வியர்வை.

அந்த மூன்றாமவர் யார்? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கடைச் சிப்பந்திக்கு வேலை நேரமும் விடுமுறையும் வகுத்தது. 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. இரண்டும் தொழிற்சங்கங்கள் வலுவாயிருந்த காலத்தின் விளைச்சல். பொதிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் அந்த மாணவியின் தமையன் இச்சட்டங்களின் கண்ணில் படுவதில்லை. அவன் ‘சுயதொழில்’ செய்பவனாம். வண்டி அவனுடையது, எண்ணெய் அவனுடையது, விழுந்தால் காயமும் அவனுடையது. நிறுவன ஊழியருக்கும் உறுதியில்லை: 2023 பெப்ரவரியில் தராஸ் தன் ஊழியரில் 11 வீதத்தினரை நீக்குவதாக அறிவித்தது.

தந்தையின் கடைக்கு வருவோம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. என் சம்பளம் மாதத்தின் பாதியைக் கடக்கவில்லை. பால்மாவைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்தேன்.

“கொண்டு போங்கோ மாஸ்டர். கொப்பியில எழுதுறன். சம்பளம் வரட்டும்” என்றார் அவர்.

புட் சிற்றியின் காசுக் கருவிக்கும் கைத்தொலைபேசித் திரைக்கும் கொப்பி கிடையாது. ஆனால் அந்தக் கொப்பியின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். மொத்த வியாபாரி அவருக்குக் கடன் கொடுப்பதை அந்த ஆண்டிலேயே நிறுத்தினான். அவர் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குச் சென்றதைப் பின்பே அறிந்தேன். ஒரு தெருவின் பசியைத் தனி மனிதரொருவர் தம் தோளில் எவ்வளவு காலம் சுமக்க இயலும்? அவரது நல்ல உள்ளத்தைப் புகழ்ந்துவிட்டு நாம் ஒதுங்கிவிடுவதும் ஒருவகைச் சுரண்டலே அன்றோ?

அடுத்த பாடவேளையில் மாணவிக்கு விடை கூறினேன். இருவரில் எவர் வென்றாலும் இலாபம் இவ்வூரில் தங்காது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம் வாசலில் இருக்கிறது. ஆயினும் நமக்கு வேண்டிய சரக்குகளில் பெரும்பாலானவை கொழும்பில் இறங்கி ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தரைவழியே வருகின்றன. கிண்ணியாவின் நெல்லும் நம் கடலின் மீனும் வேறொருவர் விலை சொல்ல வெளியே போகின்றன. இணையம் ஒரு கருவி. அது கம்பனிக்கு மட்டும் உழைக்கவேண்டும் என்று விதி எதுவுமில்லை. விவசாயியும் மீனவனும் மூலைக்கடைக்காரரும் பொதி சுமப்பவனும் உறுப்பினராகி, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற பழைய விதியோடு அதைக் கையிலெடுக்கலாம். சங்கத்தை அரசியல்வாதியின் நியமனத்துக்கு மறுபடியும் ஒப்படைக்கலாகாது என்பதே 1970களின் பாடம். பொதி சுமப்பவனுக்கும் 1954இன் சட்டத்தை நீட்டவேண்டும் என்பது இன்றே கேட்கவேண்டிய கோரிக்கை.

அவள் சற்று நேரம் யோசித்தாள்.

“சேர், சங்கத்தில சேர எவ்வளவு காசு வேணும்?”

எனக்குத் தெரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை வகுப்போடு கூட்டுறவுச் சங்கக் காரியாலயத்துக்குப் போய்க் கேட்பதென்று தீர்மானித்திருக்கிறோம். அவளுடைய தந்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.