அமினோ அமிலங்கள் எங்கே பிரிகின்றன? சிறுகுடல் உறிஞ்சுதலில் பெப்டைடுகளின் இடம்

உண்ட புரதம் ஏறக்குறைய முழுவதும் அமினோ அமிலங்களாகவே கல்லீரலைச் சென்றடைகிறது. இதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சிதைவு குடலின் உட்குழிவிலேயே முடிந்துவிடுகிறது, குடற்சுவர் தனி அமினோ அமிலங்களை மட்டுமே ஏற்கிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் பழக்கிய சித்திரம் அரைகுறையானது. சிதைவின் கணிசமான பகுதி குடல் செல்லுக்குள் நடக்கிறது. இதற்கு மிக வலுவான சான்றாக நான் கருதுவது இரண்டு அரிய பரம்பரை நோய்களை.

பழைய சித்திரம் எப்படி உருவாயிற்று? 1901இல் ஓட்டோ கோன்ஹைம் குடலின் சளிச்சவ்விலிருந்து எரெப்சின் என்ற நொதியைப் பிரித்தெடுத்து, அது பெப்டைடுகளை அமினோ அமிலங்கள் வரை உடைக்கும் என்று காட்டினார். 1912இல் வான் ஸ்லைக்கும் மேயரும் இறைச்சி உண்ட நாய்களின் இரத்தத்தில் அமினோ அமிலங்கள் உயர்வதை அளந்தனர். இரண்டும் சரியான கண்டுபிடிப்புகள். அவற்றிலிருந்து பெற்ற முடிவுதான் அவசரமானது. இரத்தத்தில் அளந்தது செல்லைக் கடந்து வெளியே வந்த பொருளை. உள்ளே நுழைந்தபோது அதன் வடிவம் என்ன என்பதை இரத்தம் சொல்லாது. எரெப்சினோ சளிச்சவ்விலிருந்தே எடுக்கப்பட்டது; நுழைவுக்குப் பிறகு வேலை செய்யும் நொதிகளும் அந்தச் சாற்றில் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் ஏனோ வெகுகாலம் எவரையும் உறுத்தவில்லை.

கணையத்தின் நொதிகள் தம் வேலையை முடிக்கும்போது, உட்குழிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தனி அமினோ அமிலம். மீதி சிறு பெப்டைடுகள். நுண்விரலிகளின் மேற்பரப்பு நொதிகள் இவற்றை மேலும் நறுக்குகின்றன. ஆனாலும் எல்லாவற்றையும் அல்ல. இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலம் கொண்ட துண்டுகள் அப்படியே உள்ளே போகக்கூடும் என்பதற்கு 1950களின் இறுதியில் நியூவியும் ஸ்மித்தும் சான்று காட்டினர். அந்த வாயிலான பெப்ட்-1 கடத்திப் புரதத்தின் மரபணு 1994இல் அடையாளம் காணப்பட்டது. தனி அமினோ அமிலங்களின் கடத்திகள் பல சோடியத்தைத் துணைக்கொள்ள, இது புரோட்டானைத் துணைக்கொள்கிறது. இதன் தாராளம் வியப்பானது: 20 அமினோ அமிலங்களால் ஆகும் 400 டைபெப்டைடுகளிலும் 8,000 டிரைபெப்டைடுகளிலும் பெரும்பாலானவற்றை ஒரே கடத்தி ஏற்கிறது. செஃபலெக்சின் போன்ற மருந்துகளும் இவ்வழியில்தான் நுழைகின்றன.

இனி நோய்களுக்கு வருவோம். 1956இல் ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தின் பெயரால் விவரிக்கப்பட்ட ஹார்ட்நப் நோயில், டிரிப்டோஃபேன் உள்ளிட்ட நடுநிலை அமினோ அமிலங்களைக் குடலும் சிறுநீரகமும் ஏற்பதில்லை. பழுது B0AT1 என்ற கடத்தியில். பழைய சித்திரம் முழு உண்மையானால், நோயாளிகள் அனைவரும் கடும் புரதக் குறையில் வாடவேண்டும். பலருக்கோ அறிகுறியே இல்லை. சிலருக்கு மட்டும், டிரிப்டோஃபேனிலிருந்து நயாசின் போதிய அளவில் உருவாகாமல், பெல்லக்ரா போன்ற தோல் புண் வருகிறது. 1970இல் வெளியான ஆய்வுகள் இதற்கு விளக்கம் தந்தன: தனியாகக் கொடுத்தால் உறிஞ்சப்படாத அமினோ அமிலம், டைபெப்டைடாகக் கொடுத்தால் உறிஞ்சப்பட்டது. ஒரு வாயில் அடைபட்டாலும் மற்றொன்று திறந்திருந்தது.

ஆனால் எலிகள் ஒரு மறுப்பை முன்வைக்கின்றன. பெப்ட்-1 நீக்கப்பட்ட எலிகள் இயல்பாகவே வளர்கின்றன. அப்படியானால் பெப்டைடு வாயில் வெறும் உபரியா? இல்லை என்பேன். அங்கே தனி அமினோ அமிலக் கடத்திகள் ஈடுசெய்கின்றன. ஹார்ட்நப் நோயில் பெப்ட்-1 செய்யும் உதவியை அவை திருப்பிச் செய்கின்றன. ஒன்று இல்லாமல் உயிர் பிழைக்கிறது என்பதால் அது பயனற்றது என்று ஆகிவிடாது.

இரண்டாவது நோய் இதைவிடக் கூர்மையானது. ஃபின்லாந்தில் அதிகம் காணப்படும் லைசினூரிய புரதச் சகிப்பின்மையில் பழுது, செல்லின் பின்புறத்தில், இரத்தத்தை நோக்கிய சவ்வில், லைசினையும் ஆர்ஜினினையும் வெளியே விடும் கடத்தியில் உள்ளது. லைசினைப் பெப்டைடாகக் கொடுத்தாலும் பயனில்லை: பெப்ட்-1 அதை உள்ளே கொண்டுவருகிறது, செல்லுக்குள் அது உடைகிறது, விடுபட்ட லைசினுக்கு வெளியேற வழியில்லை. உடைவது செல்லுக்குள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அந்நோயாளிகளுக்குப் புரதத்தைக் குறைத்து, சிட்ருலினைத் தருகிறார்கள். நடுநிலை அமினோ அமிலமான அது அடைபட்ட வழியை நாடாமலே குடற்செல்லைக் கடந்து, பின்னர் உடலில் ஆர்ஜினினாக மாறுகிறது. லைசின் குறைவை மட்டும் அதனால் ஈடுகட்ட முடிவதில்லை.