கப்பற்சேத வெள்ளிக் காசுகள்

ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சாகி, கப்பலோடு மூழ்கி, பின்னர் மீட்கப்பட்ட காசுகள் இப்பெயர் பெறுகின்றன. மெக்சிகோ, லிமா, பொத்தோசி ஆகியவை முக்கிய அக்கசாலைகள். பெரிய காசு எட்டு ரியால். எடை ஏறத்தாழ 27 கிராம். தொடக்கத்தில் வெள்ளிப் பாளத்தைத் துண்டாக்கி, எடைக்காக ஓரம் நறுக்கி, சம்மட்டியால் அடித்தார்கள். இரண்டு காசு ஒன்றுபோல் இராது. மெக்சிகோவில் 1732 முதல் இயந்திர அச்சில் தூண்கள் பொறித்த வட்டமான காசுகள் வந்தன.

இந்தக் காசுகள் தமிழகக் கரைக்கும் வந்தன. பழவேற்காடு ஏரியின் தென்கோடியில் டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலத் துணிக்கு விலையாக ஐரோப்பியர் கொண்டுவந்தவற்றுள் இந்த வெள்ளியும் உண்டு. கரை சேர்ந்ததில் பெரும்பகுதி உலைக்குப் போய் உள்ளூர் நாணயமாயிற்று. மூழ்கியதுதான் உருவம் மாறாமல் கிடந்தது. ஆசியாவுக்குப் புறப்பட்ட டச்சுக் கப்பல் ஹாலந்தியா 1743இல் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளருகே மூழ்கியது. 1971இல் கண்டுபிடிக்கப்பட்டு, பல்லாயிரம் காசுகள் வெளிவந்தன.

நமக்குப் பக்கத்துச் சேதம் இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கு அப்பால் உள்ள கிரேட் பாசஸ் பாறைத்திட்டில். 1961இல் முக்குளிப்பாளர் மைக் வில்சன் குழுவினர் அங்கே கண்டவை ஔரங்கசீப் பெயரில் சூரத்தில் ஹிஜ்ரி 1113இல் (கி.பி. 1701-02) அச்சான ரூபாய்கள். ஆயிரம் ஆயிரமாகப் பையில் கட்டியவை. பை மக்கியும் அதன் வடிவிலேயே கட்டியாக இறுகியிருந்தன. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஸ்பானியக் காசு அல்லவே என்று ஒதுக்க வேண்டியதில்லை: சூரத்து அக்கசாலைக்கு வந்த வெள்ளியில் பெரும்பங்கு அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வந்ததே.

கடல்நீர் வெள்ளியை அரித்துக் கறுப்பாக்கும். எடை குறையும், எழுத்து மங்கும். பளபளவென்று தேய்த்துக் கழுவிய காசைவிடக் கறையோடு இருப்பதே நம்பத்தக்கது. கப்பலின் பெயர் சொல்லும் சான்றிதழ் இல்லாவிட்டால் அது வெறும் பழங்காசுதான், போலிகளும் ஏராளம். இந்தியாவில் நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

மூழ்காத காசு வேண்டுவோர்க்கு மதராஸ் அரைப் பகோடா இருக்கிறது. 1807-08இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஸ்பானிய டாலர் எனப்பட்ட எட்டு ரியால் காசுகளை உருக்காமலேயே அவற்றின்மேல் கோபுரமும் சாமியும் பொறித்தது. அச்சு அழுத்தம் போதாத இடங்களில், கோபுரத்தின் ஓரமாக ஸ்பானிய அரசனின் பெயரெழுத்து ஒன்றிரண்டு இன்னும் தெரியும். சேகரிப்போர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவது அதைத்தான்.