எல்லோரும் கேட்ட கொலை: ஒலிபரப்பு நிலைய மர்ம நாவலின் தடம்

தொலைக்காட்சிச் செய்தி நிலையத்தில் நிகழும் கொலையை மையமாகக் கொண்ட மர்ம நாவல்களின் வார்ப்பு நமக்குப் பழகிப்போன ஒன்று. நாடறிந்த முகம் ஒன்று இறந்து கிடக்கும். நிலையத்தில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் அந்த முகத்தின்மேல் தீர்க்கப்படாத பழைய கணக்கு ஒன்று இருக்கும். காவல்துறை வந்து சேர்வதற்கு முன்பே கேமராக்கள் தயாராகிவிடும். பொழுதுபோக்கு எழுத்து என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இவ்வகை நாவல் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், ஊடகத்துக்கும் மரணத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய நீண்டதொரு விசாரணை அதற்குள் இருப்பதைக் காண்கிறோம். அந்தத் தடத்தைச் சற்றுத் தொடர்ந்து பார்க்கலாம்.

தொடக்கப்புள்ளி வானொலியில் இருக்கிறது. பிரிட்டனின் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் 1930ல் 'டிடெக்‌ஷன் க்ளப்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். வாசகனை ஏமாற்றாமல், எல்லாத் துப்புகளையும் அவன் கண்ணெதிரே வைத்துவிட்டுத்தான் கதையை நடத்த வேண்டும் என்பது அவர்கள் தமக்கே விதித்துக்கொண்ட ஒழுங்கு. அதே ஆண்டு பிபிசி வானொலி அவர்களை அழைத்து, பலர் சேர்ந்து எழுதும் தொடர்கதை ஒன்றை ஒலிபரப்பியது. அது வெற்றி பெறவே, 1931 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 'தி ஸ்கூப்' என்ற இரண்டாவது தொடர் வந்தது. டோரதி எல். ஸேயர்ஸ், அகதா கிறிஸ்டி, ஈ.சி. பென்ட்லி, ஆன்டனி பெர்க்லி, ஃப்ரீமன் வில்ஸ் க்ராஃப்ட்ஸ், க்ளெமென்ஸ் டேன் ஆகிய ஆறு பேர் ஆளுக்கு இரண்டாகப் பன்னிரண்டு பகுதிகள் எழுதினார்கள். எழுதியவர்களே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வாசித்தார்கள். 'தி லிஸனர்' இதழ் அவற்றை அச்சிட்டது. நூல் வடிவம் கிடைக்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'தி ஸ்கூப்' கதையின் களம் லண்டன் நாளிதழ் ஒன்றின் அலுவலகம். ஒரு கொலைவழக்கில் முக்கியமான தடயத்தைக் கண்டுபிடித்த நிருபர், அந்தச் செய்தியை அலுவலகத்துக்குக் கொண்டுசேர்ப்பதற்கு முன் கொல்லப்படுகிறார். சக ஊழியனின் மரணம் அங்கே துக்கமாகவும் இருக்கிறது, முதல்பக்கச் செய்தியாகவும் இருக்கிறது. செய்தி அறை மர்மக் கதைகளின் அடிப்படை முரண் இங்கேயே உருவாகிவிட்டது என்று சொல்லலாம்.

வானொலியில் ஒலித்த கதை பத்திரிகை அலுவலகத்தை ஏன் தேர்ந்தெடுத்தது? அன்றைய வானொலியில் பெயர் சொல்லும்படியான செய்தி அறை எதுவும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கக்கூடும். 1922ல் பிபிசி தொடங்கியபோது, பத்திரிகைகளின் விற்பனை பாதிக்கப்படும் என்ற அச்சத்தின் காரணமாக, மாலை ஏழு மணிக்கு முன் செய்தி ஒலிபரப்ப அதற்கு அனுமதி இல்லை. செய்தி நிறுவனங்கள் தந்ததை வாசிப்பதே அதன் வேலையாக இருந்தது. 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. அன்று மாலை செய்தி நேரத்தில் அறிவிப்பாளர் இன்று செய்தி எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னார். மீதி நேரத்தைப் பியானோ இசை நிரப்பியது. இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி ஓடும் காலத்தில் வாழும் நமக்கு இது கற்பனைக் கதைபோலத் தோன்றுகிறது. செய்தி இல்லாத நாள் என்று ஒன்று இருக்க முடியும் என்பதை அன்றைய நிலையம் ஒப்புக்கொண்டது.

1932ல் பிபிசி, லண்டன் போர்ட்லண்ட் ப்ளேஸில் புதிதாகக் கட்டப்பட்ட ப்ராட்காஸ்டிங் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. ஒலிபரப்புக்கென்றே வடிவமைக்கப்பட்ட கட்டிடம் அது. நடுவில் கனத்த செங்கல் கோபுரம். அதற்குள் ஜன்னல்கள் இல்லாத 22 ஒலிப்பதிவுக்கூடங்கள். தெருவின் சத்தத்தைத் தடுக்கும் அரணாக அவற்றைச் சுற்றி அலுவலக அறைகள். முகப்பில் எரிக் கில் செதுக்கிய சிற்பத்தில் ஷேக்ஸ்பியரின் ப்ராஸ்பரோவும் ஏரியலும் நிற்கிறார்கள். காற்றின் ஆவியான ஏரியல் வானொலியின் சின்னமானதில் வியப்பில்லை. உடலை விட்டுப் பிரிந்த குரல்தானே வானொலி?

இந்தக் கட்டிடத்தில் 1934ல் ஒரு கொலை நடந்தது, காகிதத்தில். 'டெத் அட் ப்ராட்காஸ்டிங் ஹவுஸ்' என்ற அந்த நாவலை எழுதிய இருவரும் நிலையத்தின் உள்ளாட்கள். ஒருவர் வால் கீல்குட்; நடிகர் ஜான் கீல்குட்டின் அண்ணன்; 1929 முதல் பிபிசியின் நாடகப் பிரிவுக்குத் தலைவர். மற்றவர் ஹோல்ட் மார்வெல் என்ற புனைபெயரில் எழுதிய எரிக் மாஷ்விட்ஸ், 'ரேடியோ டைம்ஸ்' இதழின் ஆசிரியராக இருந்து, பின்னர் பல்சுவை நிகழ்ச்சிப் பிரிவை நடத்தியவர், புகழ்பெற்ற பாடலாசிரியர். தாங்கள் தினமும் நடந்துபோகும் தாழ்வாரத்திலேயே பிணத்தைக் கிடத்தினார்கள் என்பதுதான் இந்த நாவலின் முதல் கவர்ச்சி.

கதையின் முடிச்சு அன்றைய வானொலி நாடகத் தொழில்நுட்பத்திலிருந்தே பிறக்கிறது. அக்காலத்தில் பெரிய நாடகங்களை ஒரே கூடத்தில் நடத்தமாட்டார்கள். நடிகர்கள் ஒரு கூடத்தில், இசைக்குழு இன்னொன்றில், ஒலிக்குறிப்புகள் வேறொன்றில் என்று பிரிந்திருப்பார்கள். தனித்த எதிரொலி தேவைப்படும் காட்சிக்கு ஒரு நடிகர் மட்டும் சிறு அறையில் இருக்க நேரும். இவையனைத்தையும் இயக்குநர் வேறோர் அறையில் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் அமர்ந்து, விளக்கு சைகையால் நடத்தி, ஒலிகளைக் கலந்து வெளியே அனுப்புவார். அவர் காதால் மட்டுமே அறிவார், யாரையும் பார்க்கமாட்டார்.

நாவலில், கழுத்து நெரித்துக் கொல்லப்படும் பாத்திரத்தில் நடிக்கும் ஒருவர், தனியறையில் ஒலிவாங்கியின் முன் உண்மையாகவே கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறார். நாடகம் நேரடியாக ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. நாடெங்கும் வீடுகளில் அமர்ந்திருப்பவர்கள் அந்த மூச்சுத்திணறலைக் கேட்கிறார்கள். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாடகம் தடையின்றி முடிகிறது. பிணம் அதற்குப் பிறகுதான் கண்டெடுக்கப்படுகிறது.

துப்பறியும் கதையின் பழைய சூத்திரமான பூட்டிய அறை மர்மத்தை இந்த இருவரும் தலைகீழாக்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டிய அறைக் கொலைக்கு வழக்கமாகச் சாட்சிகளே இருப்பதில்லை. இங்கே இலட்சக்கணக்கானோர் சாட்சிகள், ஆனால் ஒருவராலும் சாட்சி சொல்ல முடியாது. ஒலி புகாமல் கட்டப்பட்ட அறையிலிருந்து ஒலி மட்டும் வெளியே போயிருக்கிறது.

விசாரணைக்கு உதவுவதும் நிலையத்தின் இயந்திரம்தான். அப்போது பிபிசியிடம் ப்ளாட்னர்ஃபோன் என்ற ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அது எஃகு நாடாவில் ஒலியைப் பதிவு செய்தது. 1932 டிசம்பரில் தொடங்கிய எம்பயர் சர்வீஸ், கடல்கடந்த நாடுகளின் வெவ்வேறு நேரங்களுக்கு ஏற்ப நிகழ்ச்சிகளை மறுபடி ஒலிபரப்ப வேண்டியிருந்ததால் இந்த நாடாக்கள் மிகவும் பயன்பட்டன. நாவலில் கொலையும் அப்படியே நாடாவில் பதிவாகியிருக்கிறது. காவல் ஆய்வாளர் அதை மீண்டும் ஓடவிட்டுக் கேட்கிறார். முதல்முறை நடிப்பாகக் கேட்ட அதே மூச்சு இரண்டாம்முறை மரணமாகக் கேட்கிறது. ஒலி சற்றும் மாறவில்லை. கேட்பவரின் அறிவு மாறியிருக்கிறது. இந்த நாவலின் மிகச்சிறந்த இடம் இதுவே என்பது நம் எண்ணம். கொலையாளி யார் என்பதை வாசிக்கப்போகிறவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறோம்.

அதே ஆண்டில் ரெஜினால்ட் டென்ஹம் இதைத் திரைப்படமாக்கினார். வானொலி நாடகத்தின் இயக்குநராகக் கதையில் வரும் பாத்திரத்தில் வால் கீல்குட்டே நடித்தார். தன் மேற்பார்வையில் தன் காதெதிரே ஒருவன் சாவதை அறியாமல் கலவைப் பலகையை இயக்கிக்கொண்டிருக்கும் மனிதனாக நிஜ நாடகத் தலைவரே தோன்றியது, அந்த நிலையத்துக்குத் தன்னைப் பற்றியே இருந்த மெல்லிய ஐயத்தின் வெளிப்பாடு என்று வாசிக்க இடமுண்டு.

தொலைக்காட்சிச் செய்தி அறை மர்மக்கதைக்கு உரிய களமாவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. பிபிசி தொலைக்காட்சி தினசரிச் செய்தியறிக்கையைத் தொடங்கியது 1954 ஜூலையில். அப்போதும் வாசிப்பவரின் முகம் காட்டப்படவில்லை. முகபாவம் செய்தியின் நடுநிலையைக் கெடுத்துவிடும் என்ற தயக்கம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் போட்டி நிலையமான ஐடிவி வரவிருந்த நிலையில், சில வாரங்கள் முந்திக்கொண்டு பிபிசி முகத்தைக் காட்டியது. அன்றுமுதல் செய்தி வாசிப்பவர் நட்சத்திரமானார். நட்சத்திரம் என்றால் பொறாமை, போட்டி, இரகசியம். கொலைக்கதைக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டன.

கீல்குட்டும் இந்த மாற்றத்தைக் கண்டவர்தான். 1930லேயே பிரிட்டனின் முதல் தொலைக்காட்சி நாடகப் பரிசோதனையில் அவருக்குப் பங்கு இருந்தது. பின்னாளில் சிறிது காலம் தொலைக்காட்சி நாடகத்துக்கும் பொறுப்பு வகித்தார். 1963ல் அவர் எழுதிய மர்ம நாவலுக்கு 'தி காகிள்-பாக்ஸ் அஃபேர்' என்று பெயர் வைத்தார். வாய் பிளந்து பார்க்கவைக்கும் பெட்டி என்று தொலைக்காட்சியைக் கேலி செய்யும் சொல் அது.

அமெரிக்காவில் வில்லியம் எல். டிஆன்ட்ரியா 1978ல் 'கில்ட் இன் தி ரேட்டிங்ஸ்' நாவலை எழுதி, சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருது பெற்றார். துப்பறிபவர் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஊழியர். நிறுவனத்துக்கு வரும் சங்கடங்களைச் சத்தமின்றித் தீர்ப்பது அவர் பணி. கொலைக்குப் பின்னால் இருப்பது பார்வையாளர் எண்ணிக்கை குறித்த மோசடி. 1934ல் வீட்டில் அமர்ந்து கேட்ட மனிதர் இங்கே ஓர் எண்ணாகிவிட்டார்.

ஸ்வீடனின் லிஸா மார்க்லுண்ட் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றியவர். 2002ல் வந்த அவருடைய 'ப்ரைம் டைம்' நாவலில், தொலைக்காட்சி நட்சத்திரம் ஒருத்தி வெளிப்புற ஒளிபரப்பு வண்டிக்குள் சுடப்பட்டு இறந்து கிடக்கிறாள். கட்டுப்பாட்டுத் திரைகள் நிறைந்த இடம் அது. பார்ப்பதற்கென்றே உருவான வண்டிக்குள் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அவளோடு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும், பெரும்பாலோருக்குப் பிடிக்காது. நாட்டுக்கோ அவள் முகம் மட்டும் தெரியும்.

இந்த வரிசையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. ஒவ்வோர் ஊடகமும் எதை மறைக்கிறதோ, அங்கேதான் அதற்குரிய கொலை நடக்கிறது. பத்திரிகைக் கதையில் மறைந்திருப்பது அச்சேறாத செய்தி. வானொலிக் கதையில் மறைந்திருப்பது உடல். தொலைக்காட்சிக் கதையில் எல்லாமே கண்முன் இருக்க, மறைந்திருப்பது அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த மனிதர்.

புனைவு இத்துடன் நின்றாலும் நடப்பு நிற்கவில்லை. பிரேசிலின் மனாவுஸ் நகரில் குற்றச்செய்தி நிகழ்ச்சி ஒன்றை நடத்தியவரும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருமான வாலஸ் ஸோஸா மீது 2009ல் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. கொலைகளைத் தாமே ஏற்பாடு செய்து, தம் படப்பிடிப்புக் குழு முதலில் போய்ச்சேரும்படி பார்த்துக்கொண்டார் என்றது காவல்துறை. அவர் அதை முற்றாக மறுத்தார். 2010ல், வழக்கு விசாரணைக்கு வருமுன்பே இறந்துபோனார். உண்மை எது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் அப்படியொரு குற்றச்சாட்டு நம்பத்தக்கதாகப் பலருக்கும் தோன்றியது என்பதே நம் காலத்தைப் பற்றிய ஒரு செய்தி.

மர்ம நாவலின் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிவைத்துக் குற்றவாளியைச் சுட்டுவது மரபு. ஒலிபரப்பு நிலையத்து நாவல்களில் அந்த அறைக்கு அழைக்கப்படாதவர் ஒருவர் உண்டு. 1934ல் அந்த மூச்சுத்திணறலைக் கேட்டு, நன்றாக நடிக்கிறான் என்று சொல்லிவிட்டுத் தேநீரை அருந்தியிருக்கக்கூடிய நேயர் அவர். அவருக்கு அது உண்மை என்று தெரியாது. ஆகவே அவர்மேல் பழியில்லை. இன்று உண்மை என்று தெரிந்தே, அதன் காரணமாகவே நாம் பார்க்கிறோம். கீல்குட்டும் மாஷ்விட்ஸும் பொழுதுபோக்காக எழுதிய நாவல், அவர்கள் கேட்டிராத இந்தக் கேள்வியை நம் முன் வைத்துவிடுகிறது. அதனாலேயே அதை இன்றும் வாசிக்கலாம் என்று பரிந்துரைக்கிறோம்.