பிடி அரிசியும் கைக்கணினியும்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். ஒரு பக்கம் வணிகர்களின் ஊர். மறுபக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் சேர்ந்து வளர்த்த ஊர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. இந்த வட்டாரத்துக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்வார்கள்: காமராசர் பிறந்த மண், பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்ற மாவட்டம். இரண்டும் உண்மைதான். ஆனால் ஸ்மார்ட் வகுப்பறையும் கைக்கணினியும் செயலிகளும் அடுத்தடுத்து வந்து இறங்கும் இந்த நாளில், அவற்றைக் கையாள ஆசிரியருக்கு எப்படி உதவுவது என்ற கேள்விக்கு இதே மண்ணின் பழைய கதையில் வேறொரு பதில் இருக்கிறது. வகுப்பறைக்குக் கருவி கொண்டுவருவது ஒருநாள் வேலை. அதை நிலைக்க வைப்பது தினப்படி வேலை. அந்தத் தினப்படி வேலைக்கு ஆசிரியருக்கு நேரமும் துணையும் கிடைத்தபோது கருவி நிலைத்தது. கிடைக்காதபோது பீரோவுக்குள் போனது.

கருவி கிடைத்தால் ஆசிரியரைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை இருநூறு ஆண்டுப் பழையது. அதன் தொடக்கமே நம் ஊர்த் திண்ணைப் பள்ளிதான். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். காகிதச் செலவில்லை, அழித்து அழித்து எழுதலாம். தன் விடுதியிலும் அப்படியே செய்யுங்கள் என்று உதவி ஆசிரியர்களிடம் சொன்னார். நடக்காத காரியம் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பெல், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை முன்னிறுத்தி, அருகிலிருந்து வழிகாட்டி, அவனைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. 1797இல் அவர் இதை லண்டனில் நூலாக வெளியிட, ‘சென்னை முறை’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பரவும்போது அதன் உயிர்நாடி மாறிப்போனது. அருகிலிருந்து வழிகாட்டியது மறந்து, ஓர் ஆசிரியரை வைத்தே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிடலாம் என்ற சிக்கனக் கணக்கு மட்டும் மிஞ்சியது. இன்று ஒரு திரையைச் சுவரில் மாட்டிவிட்டு ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்கும் அந்தக் கணக்கிற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

விருதுநகருக்கு வருவோம். அப்போது அதன் பெயர் விருதுபட்டி. 1889இல் நாடார் வணிகர்கள் அங்கே க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வணிகத்தில் வரும் தொகையில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் மகமை வழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதோடு வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பிடி அரிசிப் பள்ளி என்று அது பெயர் பெற்றது அப்படித்தான். சிறுவன் காமராசர் படித்ததும் அங்கேதான். பிடி அரிசியை வெறும் தருமமாகப் பார்த்தால் அதன் நுட்பம் பிடிபடாது. ஒரு செல்வர் ஒரே நாளில் நூறு மூட்டை கொடுத்திருந்தால் கட்டடம் எழும்பியிருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு ஓட்டை ஒழுகும்போது பார்க்க ஆளிருக்காது. தினம் ஒரு பிடி என்றால், அந்த வீட்டுக்கும் பள்ளிக்கும் தினமும் ஓர் உறவு இருக்கிறது. காமராசர் முதலமைச்சரானபின் நடந்தவற்றிலும் இந்த வழிமுறையைக் காணலாம். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவில் ஊராரின் நன்கொடைக்கும் பங்கிருந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கிராமத்தார் பெஞ்சும் கரும்பலகையும் பாடக் கருவிகளும் வாங்கிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் அதே ஊரில் இருந்தார்கள். உடைந்தால் யாரைக் கேட்பது என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

இந்தப் பெருமைக்கு அடியில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வட்டாரத்து வகுப்பறையைப் புரிந்துகொள்ள முடியாது. தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவரச் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்றார்கள். அவர்கள் திரும்பிவந்து தொடங்கிய தொழில் மழை பொய்த்த கிராமங்களுக்குச் சோறு போட்டது. கூடவே பள்ளிக்குப் போக வேண்டிய கைகளையும் கேட்டது. 1976இல் ஹர்பன்ஸ் சிங் குழு இதைப் பதிவுசெய்தது. 1983இல் ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, விடிவதற்கு முன்பே மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவந்ததை நாடறியச் செய்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதையடுத்துத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் முதலில் திறக்கப்பட்ட இடங்களில் இந்த மாவட்டமும் ஒன்று. 1996 டிசம்பர் 10 அன்று குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தார்கள். தமிழ்நாட்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். ஆனால் வந்தவர்கள் பலர் முதல் தலைமுறை மாணவர்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. இருந்தாலும் உற்பத்திக்குத் தக்க கூலி வாங்கும் பெற்றோருக்கு நேரமில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் வீட்டை நம்பி வரும் கல்விக் கருவி தோற்கும், ஆசிரியரை நம்பி வரும் கருவிதான் ஜெயிக்கும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

ஆசிரியரை நம்பிய ஒரு முயற்சி நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் எம். பி. விஜயகுமார் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல் அது. ஆசிரியர்கள் ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிக்கே போய்ப் பார்த்தார்கள். பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, எல்லா அட்டைகளையும் கோக்க ஓர் ஏணி என்று தாங்களே உட்கார்ந்து உருவாக்கினார்கள். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். மறு ஆண்டே 264 மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. சென்னையில் அட்டையை உருவாக்கியவரே அதைப் பயன்படுத்தினார். மற்ற மாவட்டங்களில் அச்சடித்த அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. பயிற்சி ஒருவர் மாற்றி ஒருவராகக் கைமாறி வந்தது. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி காணாமல் போகும். அதை நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற உரிமை தனக்கு உண்டென்று எத்தனை ஆசிரியர்கள் உணர்ந்திருப்பார்கள்? என் பார்வையில் அந்த முறை தளர்ந்த இடம் இதுதான்.

மின்னணுக் கருவிகள் இதற்குப் பின் வேகமாக வந்தன. 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி, 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு, 2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம், 2023இல் மணற்கேணி செயலி. 2023, 2024 ஆண்டுகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி என்று திட்டங்கள் விரிந்தன. இவற்றில் க்யூஆர் குறியீட்டை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம். அதனடியில் ஆறெழுத்துக் குறியீடு. ஆசிரியர் தீக்ஷா செயலியைத் திறந்து கேமராவைக் காட்டினால் பாடத்துக்கான காணொளி வரும். கிராமத்துப் பள்ளியில் சிக்னல் ஒரு கோடாக நின்றால், சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு நிமிடத்தில் வகுப்பு கலைந்துவிடும். இதற்கு வழி செயலிக்குள்ளேயே இருக்கிறது: காணொளியை முந்தின நாளே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றி ஓடும். ஆனால் எட்டு நிமிடக் காணொளியில் எந்த இரண்டு நிமிடம் இந்த வகுப்புக்குத் தேவை, எங்கே நிறுத்தி என்ன கேள்வி கேட்பது என்பதை முடிவுசெய்ய ஒருமுறை முழுதாகப் பார்த்தாக வேண்டும். ஐந்து வகுப்புகளை இரண்டே பேர் கவனிக்கும் ஈராசிரியர் பள்ளியில் அந்த நேரம் எங்கிருந்து வரும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் எத்தனை கருவி கொடுத்தாலும் பயன் குறைவுதான்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது எல்லாமே ஒரே நேரத்தில் சோதனைக்கு வந்தன. 2006 முதல் அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி பல ஏழை வீடுகளில் இருந்ததால், கல்வித் தொலைக்காட்சியால் அந்த வீடுகளுக்குள் போக முடிந்தது. அது பெரிய உதவி. ஆனால் தொலைக்காட்சியிடம் கை தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாது. மிச்சம் இருந்தது வாட்ஸ்அப். இங்கேதான் பட்டாசு வட்டாரத்தின் தனி நிலைமையை எண்ணிப்பார்க்க வேண்டும். வெடிமருந்து புழங்கும் ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய் வாசலோடு நின்றுவிட்டால், பிள்ளைக்குப் பாடம் மாலையில்தான். காலை பத்து மணி நேரலை வகுப்பு அந்த வீட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. குரல்பதிவாக அனுப்பிய பத்து நிமிடப் பாடம் பொருந்தும். எந்தக் கருவி எந்த வீட்டுக்குச் சரி என்ற முடிவை அந்த ஊர் ஆசிரியரால் மட்டுமே எடுக்க முடியும். சென்னையிலிருந்து எடுக்க முடியாது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2018இல் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 10.2 சதவீதம் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். 2022இல் அது 4.8 சதவீதமாகக் குறைந்ததாக ஏசர் ஆய்வு சொன்னது. அந்தப் பள்ளத்தை நிரப்ப இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்பியது, எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இரண்டுமே பிள்ளையின் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்த திட்டங்கள்.

ஆசிரியர்களே மாற விரும்பவில்லை என்று ஒரு மறுப்பு உண்டு. ஆனால் தினமும் வருகைப்பதிவிலிருந்து நலத்திட்டக் கணக்குவரை கைபேசியில் எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் பதிவு செய்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். அந்தச் சுமையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் இயக்கங்கள் பல காலம் கேட்டும் வந்திருக்கின்றன. கைபேசியைத் தொடத் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது அநியாயம். பயிற்சிதான் கொடுக்கிறோமே என்பது இன்னொரு மறுப்பு. நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம் 2020இல் இணையவழிக்கு வந்தபோது தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு 18 பாடங்கள் இருந்தன. அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் தனியாகத் திரைமுன் உட்கார்ந்து முடித்து, சான்றிதழ் வாங்குவதோடு பயிற்சி நின்றால், மறுநாள் வகுப்பில் திரை உறைந்து நிற்கும்போது கேட்க ஆளில்லை. மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: இந்தப் புதிய கருவிகள் இல்லாமலே 2017இல் 97.85, 2018இல் 97.05 சதவீதத் தேர்ச்சியோடு பிளஸ் டூவில் முதலிடம் பிடித்த மாவட்டத்துக்கு இதெல்லாம் எதற்கு? அந்த முதலிடத்துக்குப் பின்னால் மாலைச் சிறப்பு வகுப்பும், தொடர் தேர்வும், மெதுவாகக் கற்கும் பிள்ளையைத் தனியே கவனித்த ஆசிரியர்களின் உழைப்பும் இருந்தன. ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அதே நேரத்தை எட்டாம் வகுப்பு அறிவியலுக்கும் மூன்றாம் வகுப்பு வாசிப்புக்கும் ஒதுக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். நேரடி வகுப்பு திரும்பியபின் இணையவழி எதற்கு என்பாரும் உண்டு. மழை விடுமுறையிலும், அம்மை போட்டு ஒரு வாரம் வீட்டில் கிடக்கும் பிள்ளைக்கும் ஆசிரியரின் குரல் போய்ச் சேர்வது நல்லதுதானே. மற்ற நாள்களில் பிள்ளையின் இடம் வகுப்பறைதான். இந்த வட்டாரத்தில் அந்த இடத்துக்காக எவ்வளவு போராடியிருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

பாளையம்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருக்கிறது. வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் இருக்கின்றன. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. குறுவள மையக் கூட்டத்தில் சுற்றறிக்கை படிப்பதைக் குறைத்து, ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் ஓடிய பாடத்தையும் ஓடாத பாடத்தையும் மற்றவர்களுக்குக் காட்ட இடம் தரலாம். பழுதான திரைக்கு இத்தனை நாளில் ஆள் வருவார் என்று எழுத்தில் உறுதி தரலாம். பழுது பார்க்கும் தொகையைத் தலைமையாசிரியர் கையிலேயே கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம், எந்த நேரத்தில் வீட்டில் கைபேசி இருக்கும் என்று கேட்டுப் பாடம் அனுப்பும் நேரத்தைக் குறிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆமத்தூர் வட்டாரத்து ஒவ்வொரு பள்ளியின் கால அட்டவணையிலும் வாரத்துக்கு ஒரு பாடவேளையை, பாடம் நடத்த அல்லாமல் பாடம் தயாரிக்க, ஆசிரியரின் பெயரில் எழுதிக் கொடுங்கள். எமிஸ் வேலைக்கோ வேறு எந்தக் கணக்குக்கோ அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.