விலக்கு யாருக்கு? பூச்சிக்கொல்லிச் சட்டமும் பல்கலைக்கழக வளாகமும்

1958ஆம் ஆண்டில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கோதுமை மாவுப் பண்டம் உண்டு இறந்தார்கள். மாவோடு கப்பலில் வந்த பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கசிந்து மூட்டைகளில் ஊறியிருந்தது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையிலான ஆணையம் இதை விசாரித்தது. அந்த விசாரணையின் வழியில் வந்ததே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். சரக்கேற்றத்தால் நேர்ந்த சாவுகளுக்குப் பதிலாகப் பிறந்ததாலோ என்னவோ, பதிவு, தயாரிப்பு, விற்பனை, சீட்டு ஆகியவற்றையே அச்சட்டம் உற்றுப் பார்க்கிறது. மருந்தடிப்பவரை அந்த அளவுக்குப் பார்க்கவில்லை.

அதன் 38ஆம் பிரிவில் இது வெளிப்படை. சொந்த வீட்டுக்கோ, சமையலறைத் தோட்டத்துக்கோ, தான் பயிரிடும் நிலத்துக்கோ ஒருவர் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினால் சட்டம் அவரைத் தொடாது. பூச்சிக்கொல்லிகளைக் கொண்டு பரிசோதனை செய்யும் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கும் மத்திய அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகம் என்பது ஆய்வு வயல் மட்டுமா? விடுதிச் சமையலறையில் கரப்பான், நூலகத்தில் கரையான், விளையாட்டுத் திடலில் களை என்று ஒரே மதிலுக்குள் எத்தனையோ வகைப் பயன்பாடு. இவற்றில் எதுவும் பரிசோதனை அன்று. 'தான் பயிரிடும் நிலம்' என்ற சொற்களுக்குள் வளாகத்தை அடக்கலாம் என வாதிடுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. தன் வாழைக்குத் தானே மருந்துக் குருணை போடும் விவசாயிக்கு ஆபத்தும் முடிவும் அவருடையவை. பல்கலைக்கழகத்தில் முடிவெடுப்பவர் ஒருவர். முதுகில் தெளிப்பான் சுமப்பவர் தினக்கூலி பெறும் இன்னொருவர்.

கேரள, தமிழக எல்லை ஊர்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஏத்தன் வாழைக்குப் பல காலம் போட்டுவந்த கார்போபியூரான் குருணையைக் கேரளம் 2011இல் வேறு பல மருந்துகளோடு தடை செய்தது. மத்திய அரசோ 2023இல் அதன் மற்ற வடிவங்களை விலக்கி, 3 சதவீதக் குருணையை மட்டும் விட்டுவைத்தது. தமிழகத்துக் களியக்காவிளையில் சட்டப்படியான சரக்கு, கேரளத்துப் பாறசாலையில் தடைபட்ட சரக்கு! 27ஆம் பிரிவின்படி ஒரு மாநிலம் தானாக விதிக்கும் தடைக்கு 60 நாள், நீட்டித்தால் மேலும் 30 நாள் என்ற வரம்பு இருப்பதால், கேரளத்தின் தடை சட்டப்படி எவ்வளவு காலம் நிற்கும் என்ற கேள்வியும் உண்டு. ஆகவே வாங்கிய ரசீது சுத்தமாக இருப்பது மட்டுமே 'சட்டப்படியான பயன்பாடு' ஆகிவிடாது.

இந்த எல்லை வட்டாரத்துக்கு அருகே இருப்பது 1955இல் தொடங்கிய வெள்ளாயணி வேளாண் கல்லூரி. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஆய்வகம் சந்தைக் காய்கறிகளில் நஞ்செச்சம் அளக்கிறது. தமிழகத்திலிருந்து கேரளத்துக்குப் போகும் காய்களின் தரம் பற்றிய சர்ச்சைகளில் இப்படிப்பட்ட பரிசோதனை முடிவுகளே சான்றாகக் காட்டப்படுகின்றன. ஊரார் காயை எடைபோடும் அறிவுத்துறை, தன் மதிலுக்குள் சட்டத்தின் அடிமட்ட வரம்போடு நின்றுவிடலாகாது என்பதே என் வாதம். இது ஒரு கல்லூரிக்கென்று சொன்னதல்ல. எல்லா வளாகத்துக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவற்றுக்கு முன்மாதிரி இச்சட்டத்தின் 1971 விதிகளிலேயே இருக்கிறது. தயாரிப்பு ஆலைகளில் ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகைகளோடு வேலை செய்வோருக்கு மாதந்தோறும் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவு பார்க்கச் சொல்கிறது 37ஆம் விதி. காலிக் கலன்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்கச் சொல்கிறது 44ஆம் விதி. சீட்டிலுள்ள சிவப்பு முக்கோணத்தின் பொருளும் தெளிவு: உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ வாய்வழி சென்றாலே சோதனை விலங்குகளில் பாதி செத்துவிடும். பச்சைக்கு அது 5000ஐத் தாண்ட வேண்டும். திடல், விடுதி, நூலகம் ஆகிய இடங்களில் சிவப்பும் அதற்கு அடுத்த நச்சு நிலையான மஞ்சளும் நுழையக் கூடாது என்று விதிக்க ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும். ஆய்வு வயலுக்கு விலக்கு இருக்கட்டும். அங்கேயும் என்ன மருந்து, எவ்வளவு, யார் அடித்தார், எப்போது என்ற பதிவேடு வேண்டும். அடித்தவர் படிக்கும் மொழியில் அது எழுதப்பட வேண்டும். எல்லையோர நெய்யாற்றங்கரைப் பக்கத்தில் அம்மொழி சிலருக்கு மலையாளம், சிலருக்குத் தமிழ்.